மங்கிய முன்விளக்குகள்

பெல்மதுளையிலிருந்து கஹவத்தை வழியாகக் கொடகவெலையை ஊடறுத்து எம்பிலிப்பிட்டிய நோக்கி இறங்கும் ஏ 18 வீதியில், பொழுது சாய்ந்த வேளையில் நிற்பவர் ஒரு வேற்றுமையை எளிதிற் காணலாம். புதிய யப்பானிய வண்டிகள் வெண்ணிற ஒளியை நெடுந்தூரம் வீசிக்கொண்டு செல்கின்றன. அவற்றின் நடுவே எப்போதாவது ஒரு பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோ வருகின்றது. அதன் முன்விளக்குகள் எரிகின்றன என்பது உண்மையே. ஆனால் அவை வீதியைக் காட்டுவதற்காக எரிகின்றனவா, அல்லது வண்டி ஒன்று வருகின்றது என அறிவிப்பதற்காக மட்டும் எரிகின்றனவா என்பது ஐயத்துக்குரியது. அந்த ஒளி மஞ்சளாய், சில வேளை செம்மஞ்சளாயும் தோன்றும். வண்டி ஓரிடத்தில் நின்று இயந்திரம் மெல்ல ஓடும்போது இன்னும் சோர்ந்துவிடும்.

இத்தகைய வண்டிகள் இந்நாட்டில் இன்னும் ஓடுவதற்குப் பழம்பொருள்மீது கொண்ட ஆசை மட்டும் காரணமன்று. 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த வண்டிகளையே மீண்டும் மீண்டும் பழுதுபார்த்து ஓட்டவேண்டிய நிலை நீடித்தது. தகரத்தை ஒட்டியும் பாகங்களைக் கடைந்தும் வண்டியை உயிரோடு வைத்திருக்கும் கைத்திறன் ஊர்தோறும் வளர்ந்தது அக்காலத்திலேதான். பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலே தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தபோது, பழைய வண்டியை விற்றுவிட எண்ணியிருந்தவர்கள் பலர் அதனையே சீர்செய்துகொண்டிருந்தார்கள்.

பகலில் மட்டும் ஓடுகின்ற வண்டியாயின் விளக்கைப்பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை. சப்பிரகமுவையின் தோட்டப்புறங்களில் நிலைமை வேறு. றப்பர் பால் வெட்டுவோர் விடியுமுன்பே புறப்பட்டு, நடைபாதை இல்லாத வீதியின் ஓரமாக நடந்து செல்கின்றனர். மாலையிற் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புவோரும், பிரத்தியேக வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளும் இருளிலேதான் நடக்கின்றனர். மழைக்காலமாயின் தலைக்கு மேலே கறுப்புக் குடை. நள்ளிரவில் லயத்திலிருந்து பிரசவ வேதனையோடு ஒருத்தியைக் கஹவத்தை வைத்தியசாலைக்கோ இரத்தினபுரிக்கோ கொண்டுசெல்ல நேர்ந்தால், முதலிற் கிடைப்பது அயலில் உள்ள எவருடையதோ பழைய வண்டியாகவும் இருக்கலாம். இறக்குவானைக்கு அப்பால், புலுத்தோட்டக் கணவாயின் பத்துக் கொண்டையூசி வளைவுகளில் மூடுபனி இறங்கிய இரவொன்றில் செல்பவருக்கு, நல்ல விளக்கு என்றால் என்ன என்பதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஈரமான வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியை நினைத்துப் பார்க்கலாம். சாரதியின் கண் ஒருவரைக் கண்டு, கால் தடுப்பை மிதிப்பதற்குள் ஒன்றரைச் செக்கன் கழிகின்றது. அதற்குள் வண்டி 21 மீற்றர் ஓடிவிடும். பின்னர் நிற்பதற்கு இன்னும் ஏறத்தாழ 20 மீற்றர் வேண்டும். ஆகவே 40 மீற்றருக்கு முன்னரே அந்தக் கறுப்புக் குடை சாரதியின் கண்ணிற் படவேண்டும். படாவிட்டால், அதன்பின் சாரதியின் திறமை எவ்வளவு இருந்தும் பயனில்லை.

விளக்கு மங்கினால் பெரும்பாலோர் குற்றஞ்சாட்டுவது பல்பை. கடைக்குச் சென்று அதிக வாற்றுள்ள பல்பு ஒன்றைக் கேட்கிறார்கள். கடைக்காரரும் 100 வாற்றுப் பல்பை மகிழ்ச்சியோடு எடுத்துத் தருகிறார். சில நாள் கழித்து வண்டியின் முகப்புப் பலகையிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் எழுகின்றது. நோய் பல்பில் இல்லை. பல்பை நோக்கி மின்சாரம் வரும் வழியில் இருக்கின்றது.

அந்த வழி எது? மொறிஸ் மைனர் போன்ற அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகளில், பற்றறியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் முதலில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்குச் செல்கின்றது. அங்கிருந்து முகப்புப் பலகையிலுள்ள விளக்கு ஆளிக்கு வருகின்றது. பின்னர் சாரதியின் இடக்காலுக்கு அருகே தரையிற் பொருத்தப்பட்ட ‘டிப்’ ஆளிக்கு இறங்குகின்றது. அதன்பின் மறுபடியும் முன்புறம் ஏறி, மட்காட்டுக்குள் இரண்டாகப் பிரிந்து, சிறு குழாய் இணைப்புகளைக் கடந்து பல்பை அடைகின்றது. பல்பிலிருந்து திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடலே. கராஜில் இதனை ‘எர்த்’ என்பர். பற்றறிக்கும் விளக்குக்கும் இடையே நேரே அளந்தால் ஒரு மீற்றர் தூரந்தான் இருக்கும். மின்னோட்டமோ வண்டிக்குள்ளே ஒரு யாத்திரையே செய்து வருகின்றது.

மலைச்சாரலின் ஊற்றிலிருந்து லயத்துப் பீலிக்கு நீர் கொண்டுவரும் குழாயை நேயர்கள் நினைவுகூரலாம். குழாய் நீண்டும் ஒடுங்கியும் இருந்து, மூட்டுக்கு மூட்டு இலையும் சேறும் அடைத்திருந்தால், ஊற்றில் எவ்வளவு நீர் பெருகினாலும் பீலியில் விழுவது நூல்போன்ற ஒழுக்குத்தான். கம்பியும் அவ்வாறே. அது மெல்லியதாகவும் நீண்டதாகவும் இருந்தால் தடை மிகும். இணைப்பிலே களிம்பு ஏறினால் தடை இன்னும் மிகும். தடை, மின்னோட்டம், அழுத்தம் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1827இல் நூலாக வெளியிட்டவர் ஜோர்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானியர். அவர் கொலோன் நகரிலே ஒரு பாடசாலையிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். அந்நூலுக்கு முதலிற் கிடைத்த வரவேற்பு குளிர்ந்ததே. இன்று எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் அவர் பெயரை ஓர் அலகாக உச்சரிக்கின்றது. அதே விதி தந்தையின் காரிலே இரவுதோறும் வேலை செய்வதை மட்டும் எவரும் அப்பிள்ளைக்குக் காட்டுவதில்லை.

கணக்கைப் பார்க்கலாம். ஒரு சதுர மில்லிமீற்றர் பருமனுள்ள செப்புக் கம்பி 5 மீற்றர் நீளமாயின், அதன் தடை ஏறத்தாழ 0.09 ஓம். இரண்டு முன்விளக்குகளுக்கும் சேர்த்து 8 அம்பியர் அதனூடாகச் சென்றால், 0.7 வோல்ற்று வழியிலேயே தொலைந்துவிடுகின்றது. இது புதிய, சுத்தமான கம்பிக்கு உரிய கணக்கு. அறுபது வயதுக் கம்பியோ, உள்ளே இழைகள் சில அறுந்து, முனைகள் பச்சை பிடித்துக் கிடக்கும். சப்பிரகமுவையின் ஈரக்காற்றில் செம்பு பச்சையாவதற்கு நெடுங்காலம் தேவையில்லை. இரண்டு ஆளிகளின் தேய்ந்த முனைகளும், குழாய் இணைப்புகளும், துருப்பிடித்த எர்த்தும் ஒவ்வொன்றும் தன் பங்கைக் கேட்கும். எல்லாம் சேர்ந்து ஒன்றரை வோல்ற்று, சில வண்டிகளில் இரண்டு வோல்ற்றுக்கு மேலும் குறைந்துவிடுகின்றது.

ஒன்றரை வோல்ற்றுத்தானே என்று எண்ணலாம். இங்கேதான் இழை பல்பின் இயல்பு குறுக்கே வருகின்றது. அழுத்தம் குறையும் அளவுக்கே ஒளியும் குறைவதில்லை. அது பன்மடங்கு வேகமாகக் குறைகின்றது. 12.8 வோல்ற்றில் ஒரு பல்பு தரும் ஒளியை 100 என்று கொண்டால், அதே பல்பு 11.3 வோல்ற்றில் ஏறத்தாழ 65தான் தரும். 10.5 வோல்ற்றுக்கு இறங்கினால் 51. இழையின் வெப்பம் தாழ்ந்து, நிறமும் வெண்மையிலிருந்து மஞ்சளுக்கு மாறுவதால், ஒளியின் நிறத்தைப் பார்த்தே நோயை ஊகித்துவிடலாம். ஒளி மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், தூரத்தோடு ஒளி குறையும் விதிப்படி, பார்வைக்கு எட்டும் தூரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அஃதாவது 50 மீற்றரிற் தெரிந்திருக்கவேண்டிய குடை 40 மீற்றரிலே தெரியும். முன்னே சொன்ன 40 மீற்றரை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

நோயை ஊகத்தில் விடவும் வேண்டியதில்லை. எந்தக் கராஜிலும் உள்ள வோல்ற்றுமானியின் ஒரு முனையைப் பற்றறியின் விளக்குக்கு மின் தரும் முனையிலும், மறு முனையைப் பல்பின் அதே பக்கத்து இணைப்பிலும் வைத்து, விளக்கை எரியவிட்டுப் பார்த்தால் போதும். ஊசி காட்டுவதே வழியில் இழந்த அழுத்தம். அரை வோல்ற்றுக்கு உட்பட்டிருந்தால் குறை சொல்வதற்கில்லை. பின்னர் பல்பின் எர்த்துக்கும் பற்றறியின் மறுமுனைக்கும் இடையே அதே சோதனையைச் செய்யவேண்டும். பல வண்டிகளில் இந்த இரண்டாவது சோதனையே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். அப்போது செலவு ஒரு துண்டு மணற்கடதாசியும் ஒரு புதிய திருகாணியும் மட்டுந்தான். ஆதலால் எதையும் வாங்குமுன் அளந்து பார்த்தல் நன்று.

இனி 100 வாற்றுப் பல்பின் கதை. ஆளியின் முனையில் 0.05 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோருக்கு, 8 அம்பியர் செல்லும்போது அங்கே 3 வாற்று அளவில் வெப்பம் பிறப்பது தெரியவரும். மின்னோட்டத்தை இரட்டித்தால் வெப்பம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். விரல் நுனியளவு பித்தளையில் 13 வாற்று ஏறினால் அது உருகாமல் என்ன செய்யும்? அத்துடன் அந்த வண்டிகள் பலவற்றில் முன்விளக்குச் சுற்றுக்கு உருகியே இல்லை. ஓடும்போது உருகி எரிந்து இரு விளக்கும் ஒருசேர அணைந்துவிடக்கூடாது என்ற எண்ணத்தினால் அவ்வாறு அமைத்தார்கள். அந்த எண்ணத்திலே நியாயம் உண்டு. ஆனால் கம்பியின் உறை வெடித்து இரும்பிற் பட்டுவிட்டால், தடுப்பதற்கு எதுவும் இல்லாமல் கம்பி முழுவதும் எரியும்.

இந்த மின்சாதனங்களை ஆக்கிய நிறுவனத்தின் தந்தை ஜோசப் லூகாஸ், பேர்மிங்காம் தெருக்களில் மண்ணெண்ணெய் விற்று, பின்னர் சைக்கிள் விளக்குச் செய்து உயர்ந்தவர். ஆங்கிலேயர் அவரை ‘இருளின் இளவரசர்’ என்று கேலி செய்வர். அறுபது ஆண்டு மழையில் நனைந்த கம்பிக்கு அவர்மீது பழி போடுவது சற்று மிகையே.

வழியைச் சீர்செய்யும் முறை எளிது. அதற்கு உதவும் சிறு கருவியை ரிலே என்பர். உள்ளே ஒரு கம்பிச் சுருள். அதனூடாகச் சிறிதளவு மின்னோட்டம் சென்றால் அது காந்தமாகி, ஒரு தடித்த இணைப்பை இழுத்து மூடும். சுருளுக்குத் தேவையானது ஓர் அம்பியரின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மூடப்படும் இணைப்போ 30 அம்பியரைத் தாங்கவல்லது. தோட்டத்துத் துரை கட்டளையிடுவார். கொழுந்துச் சாக்கைத் தாமே தலையிற் சுமக்கமாட்டார். அதுபோல் முகப்புப் பலகையின் ஆளியும் தரையிலுள்ள டிப் ஆளியும் இனிமேல் கட்டளையை மட்டும் அனுப்பும். சுமையைச் சுமப்பது பற்றறியிலிருந்து விளக்குக்கு நேரே இழுக்கப்பட்ட புதிய கம்பி. பழைய ஆளிகள் ஓய்வு பெறுவதால் அவற்றின் ஆயுளும் நீளும்.

தாழ்ந்த ஒளிக்கு ஒன்று, நெடுந்தூர ஒளிக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் வேண்டும். அவற்றின் முனைகளில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30 என்பது பற்றறியிலிருந்து உருகி வழியாக வரும் கம்பிக்கு. 87 விளக்குக்குச் செல்வதற்கு. 85, 86 இரண்டும் சுருளுக்கு. பழைய பிரித்தானிய வண்டியில் நீலமும் வெள்ளையும் கலந்த கம்பி நெடுந்தூர ஒளிக்கும், நீலமும் சிவப்பும் கலந்தது தாழ்ந்த ஒளிக்கும் உரியவை. விளக்குக்குச் சென்ற அக்கம்பிகளைக் கழற்றி, அவ்வவற்றின் ரிலேயின் சுருளுக்குக் கொடுத்து, சுருளின் மறுமுனையை எர்த்துக்குக் கொடுத்தால் வேலையின் பாதி முடிந்தது. எதையும் வெட்ட வேண்டியதில்லை. வண்டியை என்றாவது பழைய நிலைக்கே மீட்க விரும்பினாலும் தடையிராது.

புதிய கம்பி 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அத்தகைய கம்பி 2 மீற்றர் நீளத்தில் 10 அம்பியரைச் சுமந்தாலும் இழப்பது 0.14 வோல்ற்றுத்தான். உருகியைப் பற்றறிக்கு எவ்வளவு அருகே வைக்க இயலுமோ அவ்வளவு அருகே வைக்கவேண்டும். உருகிக்கு முன்னாலுள்ள கம்பிக்குக் காவல் இல்லை. இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் தனித்தனி உருகி அமைத்தால், ஒன்று எரிந்தாலும் மற்றது வழிகாட்டும். பழையவர்களின் அச்சத்துக்கும் அதுவே பரிகாரம். விளக்கின் எர்த்தை மட்காட்டின் துருவை நம்பி விடாமல், அதே பருமனுள்ள கம்பியால் உடலின் சுத்தமான இரும்புக்குக் கொண்டுவருதல் நலம். ரிலேக்களைச் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கு எட்டாத இடத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினால் மழைநீர் உள்ளே தங்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மொறிஸ் மைனர் முதலிய வண்டிகளில் பற்றறியின் நேர்முனையே உடலோடு தொடுக்கப்பட்டிருந்தது. இன்றைய வழக்கம் இதற்கு நேர்மாறு. சாதாரண ரிலேக்கு எந்தப் பக்கமும் ஒன்றே. ஆனால் சிலவற்றின் உள்ளே ஒருவழிப் பாதையான டயோட்டு ஒன்று இருக்கும். அத்தகையதைத் தலைகீழாகக் கொடுத்தால் அது கெட்டுவிடும். வாங்கும்போதே டயோட்டு இல்லாததைக் கேட்டுப் பெறவேண்டும். 1960களின் நடுப்பகுதிவரை வந்த வொக்ஸ்வகன் வண்டிகளோ பெரும்பாலும் 6 வோல்ற்றில் இயங்கியவை. அவற்றில் அதே வாற்றுக்கு இரு மடங்கு மின்னோட்டம் செல்வதால் இழப்பின் கொடுமையும் மிகுதி. 6 வோல்ற்று ரிலேயைத் தேடிப் பெறுவது அவற்றின் சொந்தக்காரருக்குச் சற்றே சிரமமான வேலை.

வழி சீரானபின், பழைய பல்பே புதிதாய்ப் பிறந்ததுபோல் ஒளிர்வதைக் கண்டு பலர் அதனோடு நிறைவடைவர். மேலும் வேண்டுவோர் 7 அங்குல வட்ட விளக்கையே மாற்றி, 1971இல் வழக்கிற்கு வந்த எச்.4 வகை ஹலஜன் பல்பைப் பொருத்தலாம். அது 60, 55 வாற்று அளவினது. அதற்கு மேலே செல்லலாகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிந்திய மொறிஸ் மைனர் வண்டிகளின் தைனமோ முழு வேகத்தில் தரக்கூடியது 22 அம்பியர். 60 வாற்று விளக்கிரண்டுக்கு 10, பக்க விளக்கு பின்விளக்குகளுக்கு 2, எரிபற்றலுக்கு 3 அல்லது 4, மழைத்துடைப்பானுக்கு 3 என்று எண்ணிப் பார்த்தால் மிஞ்சுவது சொற்பமே. 100 வாற்றுப் பல்புகள் மட்டுமே 16 அம்பியருக்கு மேல் கேட்கும். மழை இரவில் அந்த வண்டி வரவுக்கு மீறிச் செலவிடும் குடும்பம் போலப் பற்றறியைத் தின்றுகொண்டே ஓடும். கொண்டையூசி வளைவில் இயந்திரம் மெதுவாகும்போது தைனமோ எதுவுமே தராது.

எல்.ஈ.டி. பல்புகள் மின்னைக் குறைவாகக் கேட்பவை என்பது மெய். ஆனால் பழைய விளக்கின் தெறிப்பியும் வில்லையும், ஒரு மெல்லிய இழை குறித்த ஒரு புள்ளியில் நிற்கும் என்று கணித்து ஆக்கப்பட்டவை. அங்கே வேறு வடிவுள்ள ஒளிமூலத்தைச் செருகினால், ஒளி வீதியில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணிற் சிதறும். நேர்முனை எர்த்துள்ள வண்டியில் அவை எரியாமலும் போகலாம்.

தெறிப்பி கறுத்திருந்தால், எத்தனை வோல்ற்று வந்தும் பயனில்லை. வெள்ளி பூசிய அதன் முகத்தைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் பூச்சு கழன்றுவிடும், மாற்றுவதே வழி. மாற்றும்போது வில்லையைக் கவனிக்கவேண்டும். 1957 முதல் ஐரோப்பாவில் வழக்கிற்கு வந்த தாழ்ந்த ஒளி, இருபுறமும் ஒத்ததன்று. வீதியோரத்துப் பக்கம் மட்டும் சரிந்து மேலேறுவது. இலங்கையில் வாகனங்கள் இடப்புறம் செல்வதால், அந்த ஏற்றம் இடப்பக்கம் இருக்கவேண்டும். நடந்து செல்பவரை நெடுந்தூரத்திலேயே காட்டுவது அந்த ஏற்றந்தான். வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்கென ஆக்கிய விளக்குகளும் மலிவாகக் கடைக்கு வருகின்றன. அவற்றைப் பூட்டினால் வீதியோரம் இருண்டுபோக, எதிரே வருபவரே கண் கூசித் தடுமாறுவார். அவரும் வீதியோரத்தில் நடப்பவரைக் காணாமற் போவார்.

கடைசி வேலை, ஒளியைக் குறிவைத்தல். சமதரையில், தொழிற்சாலைச் சுவர் ஒன்றுக்கு 10 மீற்றர் தூரத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அந்த உயரத்தில் சுவரிலே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுக்கவேண்டும். தாழ்ந்த ஒளியின் மேல் விளிம்பு அக்கோட்டுக்கு 10 சென்றிமீற்றர் கீழே விழுவது சரி. ஒரு விளக்கைத் துணியால் மூடி மற்றதைத் திருத்துவது எளிது. விளக்கைச் சுற்றிய வளையத்தைக் கழற்றினால் திருத்தும் திருகாணிகள் தெரியும். சக்கரங்களின் காற்று முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டிருக்கவேண்டும். வண்டி வழக்கமாக எவ்வளவு பாரத்தோடு ஓடுகின்றதோ அதே பாரம் அப்போதும் இருக்கவேண்டும். பின்னாசனத்தில் மூவரும் பெட்டியில் அரிசி மூட்டையும் ஏறினால், பழைய வில்லுகள் பின்னே தாழ்ந்து வண்டியின் மூக்கு உயரும். வெறும் வண்டியிற் செம்மையாகக் குறிவைத்த ஒளி அப்போது மரக்கிளைகளைத்தான் காட்டும். இரவில் நோயாளியையும் துணைக்கு வருவோரையும் ஏற்றிச் செல்லும் வண்டியாயின், இருவரைப் பின்னால் அமர்த்திக்கொண்டே சுவரின் முன் நிறுத்துவது வழக்கமாகட்டும்.